ஆறு கிராம்

உலர்த்தும் பெட்டியிலிருந்து காகிதப் பையை எடுத்துத் தராசில் வைத்தேன். தொண்ணூற்று நான்கு. மறுபடி வைத்தேன். அதே எண்தான். மூன்று நாட்களுக்கு முன், காட்டின் நடுவில் வெயிலே விழாத இடத்தில் தரையிலிருந்து அள்ளியபோது அந்தச் சருகு சரியாக நூறு கிராம். மற்ற வருடங்களில் இதே மாதத்தில் முப்பது, நாற்பது கிராம் ஈரம் போகும். இந்த முறை போனது ஆறு.

நான் வேலை செய்யும் ஆய்வு நிலையத்தின் கோபுரக் கருவிகள் ஆகஸ்டிலிருந்தே இதை வேறு விதமாகச் சொல்லிக்கொண்டிருந்தன. தண்ணீர் கிடைக்காத மரங்கள் இலைத்துளைகளை மூடிக்கொள்கின்றன. கரியமில வாயுவை உள்ளே இழுப்பது குறைகிறது. இலைகள் கொட்டுகின்றன. செப்டம்பரில் காடு எடுத்துக்கொண்டதைவிட வெளியே விட்டது அதிகம். அந்த அளவுகளின் வரைபடத்தைப் பார்த்து நான் பயந்ததில்லை. தராசைப் பார்த்துப் பயந்தேன். இன்று மதியம் என் அண்ணன் ஜொசிவான் தன் நிலத்துக்குத் தீ வைக்கிறான்.

வெட்டிப்போட்ட புதர் காய்ந்து கிடக்கிறது. அதை எரித்து, அந்தச் சாம்பலில்தான் மரவள்ளி நட வேண்டும். மூன்று பக்கம் செடிகொடி நீக்கித் தீத்தடம் வெட்டியிருப்பார்கள். நான்காவது பக்கம் காடு. அங்கே யாரும் வெட்டுவதில்லை.

அதே இடத்தில் அள்ளி, உலர்த்தாமல் வைத்திருந்த சருகை இன்னொரு பை நிறைய எடுத்துக்கொண்டு பைக்கில் போனேன். காட்டோர நிழலில் அண்ணனும் உதவிக்கு வந்தவர்களுமாக எட்டுப் பேர் உட்கார்ந்து பொரித்த மீனும் மரவள்ளி மாவும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"வந்துட்டாங்கய்யா இலை டாக்டரம்மா," என்றார் பக்கத்து நிலத்து ஒட்டாசிலியோ. "இன்னிக்கு எந்த இலைக்குக் காய்ச்சல்?"

எல்லோரும் சிரித்தார்கள். கூட்டத்தில் எனக்குக் குரல் எழும்பாது. அண்ணனின் சட்டையைப் பிடித்துத் தள்ளி இழுத்தேன்.

"அண்ணே, இன்னிக்கு வேணாம். தீ காட்டுக்குள்ள போயிரும்."

"அப்பா என்னைக்காவது அந்தப் பக்கம் தடம் வெட்டியிருக்காரா? காட்டு நிழலத் தொட்டதும் அதுவா படுத்துரும்."

"உள்ள ஈரமே இல்லண்ணே. எடை போட்டுட்டேன். நூறுக்கு ஆறுதான் இருக்கு. ரெண்டு நாள் பொறுத்து, அந்தப் பக்கமும் வெட்டிட்டு வை."

"ரெண்டு நாள் கழிச்சு இத்தன பேரும் திரும்ப வருவாங்களா? அதுக்குள்ள மழை வந்து எல்லாம் நனைஞ்சிட்டா? வர்ற வருசம் என் புள்ளைங்களுக்கு மாவு நீ எடை போட்டுக் குடுப்பியா?"

அந்த மாவைத்தான் நானும் தின்கிறேன். "காட்டு நடுவுல அள்ளுனது," என்று பையை நீட்டினேன்.

அவன் திறந்து பார்த்தான். பிறகு மற்றவர்கள் பக்கம் திரும்பினான். "நம்ம காட்டு நடுவுல அள்ளுனதாம். எரியுதான்னு எல்லாரும் பாத்துக்கங்க."

வெறும் மண்ணில் கொட்டித் தீக்குச்சியைக் கிழித்து வைத்தான்.

காட்டுச் சருகு முதலில் புகையும், சீறும், பெரும்பாலும் அணைந்துவிடும். இது சீறவில்லை. புகையும் இல்லை. ஒரு மூச்சில் முழங்கால் உயரத்துக்கு எரிந்தது. ஒட்டாசிலியோ மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினார்.

அப்போதுதான் காற்று வந்தது. விளிம்பில் சிவந்த ஓர் இலை குவியலிலிருந்து எழும்பி, எங்கள் தலைக்கு மேலே போய், காட்டுக்குள் இரண்டு மரங்களுக்கு நடுவில் மெதுவாக இறங்கியது.

அண்ணன் ஓடினான். வைக்கோல் தொப்பியைக் கழற்றி அந்த இடத்தில் கவிழ்த்து, இரு கைகளாலும் அமுக்கிக்கொண்டு மண்டியிட்டான். அவனைச் சுற்றிக் கண்ணுக்கெட்டிய தூரம்வரை பழுப்புச் சருகு, கணுக்கால் புதையும் ஆழத்துக்கு.

"தண்ணிய எடுங்கப்பா," என்றார் ஒட்டாசிலியோ, பார்வையை எடுக்காமல். யாரோ முதுகில் மாட்டியிருந்த தண்ணீர்க் கேனின் வாரை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். வார் சிக்கிக்கொண்டது.

அண்ணன் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான்.

"தொப்பிய எடுக்கட்டுமா?"

இதற்கு என்னிடம் எண் எதுவும் இல்லை. அவன் விரல்களுக்கு நடுவே, தொப்பிப் பின்னலின் இடுக்குகளில் புகை வருகிறதா என்றே பார்த்துக்கொண்டு நின்றேன்.