உப்பு கேட்கும் அடுப்பு

செத்துப்போன எர்மிலா, அடுத்த மழைக்காலத்தில் பக்கத்து வீட்டு அடுப்பில் குடியேறினாள். மாசாதெக் பழங்குடிகளின் மலையில் அந்த வருஷம் காப்பி விலை விழுந்தது, அதனால் இதைப் பற்றிப் பேச எல்லோருக்கும் நேரமிருந்தது.

அவள் புருஷன் செவேரோ காப்பி மூட்டை சுமப்பவன். மலை முகட்டில் நின்று, “வந்துட்டேன், சோள ரொட்டியைப் போடு” என்று சீழ்க்கையிலேயே சொல்வான். இங்கே ஆண்கள் பள்ளத்தாக்கு தாண்டிப் பேசுவது சீழ்க்கையில்தான். பெண்களுக்குப் புரியும், ஆனால் பதிலுக்கு அடிக்க மாட்டார்கள், அது மானக்கேடு. அவளைப் புதைத்த பிறகும் அவன் முகட்டில் நின்று சீழ்க்கையடித்தான். கதவைத் திறந்தால் குளிர்ந்த சாம்பல். துக்கம் கேட்க வந்தவர்கள் ஒருமுறை வந்ததோடு சரி. கடைசியில் வைத்தியக்காரி அப்போலோனியாவிடம் போய், மயக்கத்தில் காட்சி காட்டும் காளானைக் கேட்டான்.

“அது நோவுக்குடா. தனியா கெடக்கறதுக்கு இல்ல.”

“ரெண்டும் ஒண்ணுதான் ஆத்தா.”

“அதைத் தின்னாம பக்கத்துல முழிச்சிருக்க ஒரு ஆள் வேணும். யாரு இருக்கா உனக்கு?”

யாருமில்லை என்பதற்காகத்தானே வந்தது. விடியலில் அவனே பறித்து, வாழையிலையில் சுற்றி, இருட்டியதும் மாடத்து மெழுகுவத்தி முன்னால் சோடி சோடியாகத் தின்றான். வாந்தி எடுத்தான். சுவர்கள் மூச்சுவிட்டன. தன் கைகள் யாருடையவை என்று தெரியாமல் பயந்து அலறினான், பிடித்துக்கொள்ள ஆளில்லை. அப்போது அடுப்பிலிருந்து ஒரு சீழ்க்கை: “உப்பு வாங்கிட்டு வந்தியா?”

மயக்கம் விடிந்ததும் தெளிந்தது. சீழ்க்கை தெளியவில்லை. அவன் அடுப்பங்கரையை விட்டு நகரவேயில்லை.

காளான் தின்ற வீட்டிலிருந்து நாலு நாளைக்கு எதுவும் வெளியே போகக்கூடாது. நெருப்பும்தான். பால்குடிக்கும் பிள்ளைக்குக்கூட இது தெரியும். பக்கத்து வீட்டுக் கசில்தாவுக்குத் தெரியாதா? தன் அடுப்பு திகுதிகுவென்று எரிய, கையில் ஓட்டாஞ்சில்லோடு மூன்றாம் நாள் வாசலில் வந்து நின்றாள்.

“அண்ணே, ஒரு துண்டு நெருப்பு குடுங்க. ஏன் இப்படி எளைச்சிட்டீங்க? சாப்பிட்டீங்களா?”

அவனைப் பார்த்துச் சாப்பிட்டாயா என்று ஒரு மனித வாய் கேட்டு எத்தனையோ மாதமாகியிருந்தது. சந்தோஷத்தில் புத்தி மழுங்கி, நல்ல கங்காகப் பொறுக்கிப் போட்டான்.

அன்று சாயங்காலம் கசில்தாவின் அடுப்பு சீழ்க்கையடித்தது. செவேரோவினுடையது வாயைத் திறக்கவில்லை. அவன் அழுதுகொண்டு வேலிக்கு வந்தான், அவளும் மிரண்டுபோய் கங்குகளைத் திருப்பிக் கொடுத்தாள். அவை வெறும் கங்குகள். “குடுத்தது குடுத்ததுதான்” என்றாள் அப்போலோனியா.

பிறகு தார்ச்சாலை வந்தது, நீளமுடி வைத்த வெள்ளைக்காரர்கள் காளான் தேடி வந்தார்கள், அவர்களில் ஒருவன் வெயிலில் சட்டையில்லாமல் ஓடிப் பள்ளத்தில் விழுந்தான். கசில்தா அடுப்பை அணைய விட்டதில்லை. அவரையைக் கருக்கிவிட்டதாக எர்மிலா சீழ்க்கையில் திட்டுவதை மட்டும் போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்லி மூக்கைச் சிந்துவாள். ஊருக்கும் ஒரே குறைதான்: பொம்பளை சீட்டியடிக்கலாமா?

செவேரோ இன்றும் முகட்டில் நின்று கூப்பிடுகிறான். பதில் வருகிறது, வேறு கூரையின் புகையிலிருந்து. இறங்கி வந்து, வேலிக்கு மேலாக ஒரு பொட்டலம் நீட்டிவிட்டு, தன் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறான். கசில்தா உப்பு வாங்குவதை நிறுத்தி வருஷக்கணக்காகிறது.