ஏரிக்கு நடுவே ஒரு கீச்

1.
இது கட்டுரையாகத்தான் தொடங்கியது. ஒற்றை இன்ஜின் விமானமா, இரட்டை இன்ஜினா, சொந்தமாக வாங்க எது தேவலை என்று எங்கள் விஸ்கான்சின் விமானிகள் சங்கத்தில் எழுதித் தரச் சொன்னார்கள். ‘இரட்டை இன்ஜினின் தலையாய அனுகூலம் யாதெனில்’ என்று ஆரம்பித்தேன். அதற்குள் மார்செல்லா க்ரோனிங் என்றொருத்தி வந்து கட்டுரைக்குக் குறுக்கே உட்கார்ந்துவிட்டாள்.

வயது அறுபதுக்கு மேல். (குறைக்கச் சொன்னாள், மறுத்துவிட்டேன்.) மகள் மிச்சிகன் ஏரிக்கு அக்கரையில் இருக்கிறாள். அங்கே பேத்திக்கு ஞானஸ்நானம் வைத்திருந்தார்கள். ஒற்றை இன்ஜினை நம்பி ஏரியைத் தாண்டமாட்டேன் என்று மார்செல்லா அடம்பிடிக்க, கணவர் டெல்பர்ட் இத்தனை வருஷமும் தன் விமானத்தை ஏரியைச் சுற்றியே ஓட்டினார்.

2.
ஒப்பீடு இல்லாமல் விட்டால் சங்கத்தில் சும்மா விடமாட்டார்கள். அதைப் பக்கத்து விமானக் கொட்டகைக்காரர் லைல் செய்யட்டும்.

“விமானத்தையே எறக்குற பாராசூட்டோட வர்ற ஒத்தை இன்ஜின் வாங்கேன், மார்செல்லா.”

“ஏரியில எறங்கி? நனைஞ்ச பாராசூட்டைப் போத்திக்கிட்டு மீன் பிடிக்கவா?”

“சரி, தண்ணியில எறங்குற மிதவை விமானம்?”

“அலை அடிச்சா நீ வந்து நிறுத்துவியா?”

“ரெட்டை இன்ஜின்னா பெட்ரோல் ரெண்டு பங்கு குடிக்கும். ரிப்பேரும் ரெண்டு.”

“பயம் பாதியாகுமில்ல?”

டெல்பர்ட் மறுவாரமே இரட்டை இன்ஜின் விமானம் வாங்கிவிட்டார். ஞானஸ்நானத்தன்று ஏறும்போது மார்செல்லா ஒரு நிபந்தனை போட்டாள்: “ஏதாவது சத்தம் கேட்டுது, உடனே திரும்பிடணும்.”

3.
கரை கண்ணிலிருந்து மறைந்தது. அப்போது திடீரென்று இடது இன்ஜின்

(இல்லை. கதை என்றால் ஏதாவது நின்றுபோக வேண்டும் என்று யார் சொன்னது? இரண்டும் அருமையாக ஓடுகின்றன.)

ஆனாலும் பயம் போகாத மார்செல்லா மடியிலிருந்த பையைப் பிரித்தாள். காலையில் வாங்கிய புதுச் சீஸ் துண்டுகள். மென்றால் பல்லுக்கடியில் கீச்சென்று கத்தும். ஒன்று, இன்னொன்று என்று உள்ளே தள்ளினாள்.

“மார்செல்லா, ஏதோ கீச்சுன்னு கேக்குதே?” ஹெட்போனில் டெல்பர்ட்டின் குரல் கேட்டது. “வலது பக்கம்னு நெனைக்கிறேன்.”

அவள் மெல்வதை நிறுத்தினாள்.

“நின்னுடுச்சு” என்றார்.

மென்றாள்.

“மறுபடியும்! சொன்ன சொல் சொன்னதுதான், திருப்பிடுறேன்.”

வாயருகே இருந்த ஹெட்போன் மைக்கை, அது தன் கீச்சை அவர் காதுக்கு அனுப்புவதை, அவள் அப்போதுதான் கவனித்தாள். சிரிப்பு பொங்கிக்கொண்டு வந்தது. கூடவே ஓர் ஆசையும் வந்தது. இன்னும் நாலு தடவை மென்றால் போதும், விமானம் வீடு திரும்பிவிடும். பயந்தவள் என்று யாரும் சொல்ல முடியாது, பழி இன்ஜின் மேல். பேத்தியைத்தான் பார்க்க முடியாது.

4.
முடிவு ‘அ’: அவள் உண்மையைச் சொல்ல, டெல்பர்ட் சிரித்துச் சிரித்து

முடிவு ‘ஆ’: திரும்பி வந்து, லைல் வலது இன்ஜினைக் கழற்றி

இரண்டையும் அடித்துவிட்டேன். எனக்கு அவளை ரொம்பப் பிடித்துப்போயிற்று, என் தீர்ப்பு செல்லாது. டெல்பர்ட்டின் கை திருப்பத் தயாராக இருக்கிறது. அக்கரையில் குழந்தைக்கு வெள்ளைக் கவுன் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். கடைசித் துண்டு மார்செல்லாவின் நாக்கில் இருக்கிறது.

மெல்லவா, விழுங்கவா என்று அவள் உங்களைத்தான் பார்க்கிறாள்.