ஸ்பேஸ் பாரில் ஒரு ஞானஸ்நானம்

ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் சபைக் கம்ப்யூட்டரில் எல்லாம் தலைகீழாகத் தெரிந்தது. ஆலயத்தைத் துப்புரவு செய்யும் நேசமணி, மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஈரத்துணியால் கீபோர்டை அழுத்தித் துடைத்திருந்தார். சபையில் யோசனைக்குப் பஞ்சமில்லை. நான் போய்ச் சேர்வதற்குள் மானிட்டரையே கவிழ்த்து, இரண்டு பக்கமும் பாட்டுப் புத்தகங்களை முட்டுக் கொடுத்து நிறுத்திவிட்டார்கள். அதன் கால் கூரையைப் பார்த்து நின்றது.

"இப்ப நேராத்தானே தெரியுகு ஷிஜின், பிறவு நீ என்னத்துக்கு?" என்றார் நேசமணி.

திருவனந்தபுரத்தில் இரவு முழுக்க வெளிநாட்டுக்காரர்களின் கம்ப்யூட்டர் கோளாறுகளைக் கேட்டு, அலுத்து, வேலையை விட்டுவிட்டு வந்தவன் நான். இங்கே அதையே பகலில் கேட்கிறார்கள். கன்ட்ரோலையும் ஆல்ட்டையும் பிடித்துக்கொண்டு மேல் அம்புக்குறியை அமுக்கினேன். எல்லா மெஷினிலும் இது நடக்காது. இந்தப் பழையதில் நடந்தது. படம் திரும்பியது. ஆனால் மானிட்டர் கவிழ்ந்திருந்ததால் மறுபடியும் எல்லாம் தலைகீழ்.

"நல்லா இருந்தத கெடுத்துப் போட்டான்" என்று பின்வரிசையில் ஒரு குரல் கேட்டது. மானிட்டரைத் திருப்பி வைத்தேன். எல்லாம் நேரானது.

அன்று பிரீனாவின் இரண்டாவது பெண்ணுக்கு ஞானஸ்நானம். அவள் புருஷன் எபினுக்கு தோஹாவில் லீவு கிடைக்கவில்லை. எங்கள் சபையில், போதகர் கேட்கும்போது பிள்ளையின் பெயரை அப்பன்தான் சொல்ல வேண்டும். அதுவரை பெயரை வெளியே விடக்கூடாது. மூத்தவளுக்கு ரெஜிஷா என்று பிரீனா தேர்ந்தெடுத்தாள். இது எபினின் முறை. அவளிடம்கூட அவன் சொல்லவில்லை. அவனால் சொல்ல முடியாமல் போனால் பிரீனாவின் அப்பா ஞானதாசன் சொல்வார். அவர் கைவசம் இருப்பது ஒரே பெயர், நேசம்மாள். மூத்தவளுக்கே அதை வைக்கப் பார்த்துத் தோற்றவர்.

வீடியோ அழைப்பு கிடைத்தது. கம்பெனிச் சட்டையோடு எபின் திரையில் வந்தான். பின்னால் யாருடைய ஆபீஸோ தெரிந்தது. போதகர் ஜெபித்துவிட்டு, "இந்தப் பிள்ளைக்குப் பேரிடுங்கள்" என்றார்.

எபினின் வாய் அசைந்தது. சத்தம் வரவில்லை. அவன் படத்தின் மூலையில் மைக்கின் மேல் சிவப்புக் கோடு இருந்தது.

"எபினே, உனக்க மைக்கு அடைச்சிருக்கு. தொற" என்றேன். நாங்கள் பேசுவது அவனுக்குக் கேட்டது. இரண்டு கையையும் விரித்துக் காட்டினான். மேஜையைத் தடவிக் காட்டினான். தலையை ஆட்டினான்.

"கும்பிடுகானா?" என்றார் நேசமணி.

"இல்ல, பிள்ளையத் தூக்கக் கேக்கான்" என்றாள் ஒருத்தி.

"மவுசு இல்லியா?" என்று கேட்டேன். பலமாக ஆமாம் போட்டான். தன் ஆபீஸ் கம்ப்யூட்டரில் அவனை அழைப்பில் சேர்த்துவிட்ட சூப்பர்வைசர், பழக்க தோஷத்தில் வயரில்லாத மவுஸைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய்விட்டான் போல. போனை கம்பெனி கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்களாம்.

ஞானதாசன் எழுந்து வேட்டியைச் சரிசெய்தார். "நேரம் ஆவுகு பாஸ்டர். நான் சொல்லட்டா?"

"அப்பா, நீங்க இருங்க" என்றாள் பிரீனா.

"அப்பம் அவன எழுதிப் போடச் சொல்லு" என்றார் ஞானதாசன்.

"பெத்த அப்பன் எழுதியா பேரு விடுவான்? வாயால சொல்லணும்."

"வாய் இருக்கு மக்ளே, சத்தம் இல்ல. எனக்கு ரெண்டும் இருக்கு."

சபை சிரித்தது. பிரீனா சிரிக்கவில்லை. போதகர் தண்ணீர்க் கிண்ணத்தில் கையை வைத்தபடி என்னைப் பார்த்தார்.

"எபினே, கீபோர்டுல ஆக நீளமான கட்டை, ஸ்பேஸ் பார். அத அமுக்கிட்டுப் பேசு" என்றேன்.

தட்டினான். ஒலிபெருக்கியில் "எ" என்று மட்டும் வந்து நின்றது.

"எஸ்தரு" என்றார் நேசமணி.

"எலிசபெத்தா இருக்கும்" என்றது பின்வரிசை.

"தட்டாதலே. அமுக்கிப் பிடி. கூட்டத்துல பஸ் கம்பியப் பிடிக்கது மாதிரி. விரல எடுத்தா சத்தம் போயிரும்."

திரையில் அவன் தோள் முன்னால் சாய்ந்தது. ஒரு கையின் மேல் இன்னொரு கையை வைத்து அழுத்துகிறான் என்று தெரிந்தது.

"எபிரீனா" என்றான்.

ஆலயம் முழுக்கக் கேட்டது. பாதி அவன் பெயர், மிச்சம் அவள் பெயர். இதில் ஒளித்து வைக்க ஒன்றுமில்லை. ஆனாலும் பிரீனாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. குழந்தையின் தலையில் தண்ணீர் விழுந்தது. அது ஒருமுறை கத்திவிட்டுத் தூங்கிப்போனது.

"இதுக்கா இம்மாத்திரம் ரகசியம்?" என்று ஞானதாசன் உட்கார்ந்தார். பிறகு பக்கத்தில் இருந்தவரிடம், "கூப்பிட நல்லாத்தான் இருக்கு" என்றார்.

எல்லோரும் எழுந்து நின்று பாடினோம். விரலை எடுக்கலாம் என்று எபினிடம் யாரும் சொல்லவில்லை. அவனும் எடுக்கவில்லை. தோஹாவிலிருந்து அவன் பாட்டு ஒரு வரி பிந்தி வந்தது. சுருதி என்ற ஒன்று அதில் இல்லை. நாங்கள் முடித்தபோது அவன் கண்ணை மூடிக்கொண்டு தனியாகப் பாடிக்கொண்டிருந்தான்.

"அடைச்சு வைலே, காது வலிக்கு" என்றார் ஞானதாசன். இங்கிருந்தே அவன் மைக்கை அடைக்க முடியும். கையை மவுஸுக்குக் கொண்டுபோனேன்.

"இரி ஷிஜினே" என்றாள் பிரீனா. "முடிக்கட்டு."

பாட்டு மகா மோசம். சபை நின்றுகொண்டே இருந்தது.