தறிக்குழியில் கராத்தே

குத்த வருகிறவன் எதிரில்தான் வருவான் என்று ஜெயவேல் நம்பினான். அப்படித்தான் அவனுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

எண்பத்துமூன்றாம் வருஷம். ஆரணியில் மீசை முளைத்தவனெல்லாம் சுவரைக் குத்திக் கையை வீங்க வைத்துக்கொண்டிருந்த காலம். சர்ச்சுக்குப் பின்னால் இருந்த மைதானத்தில் அற்புதராஜ் மாஸ்டர் விடிகாலையில் கராத்தே வகுப்பு நடத்தினார். மற்றவர்கள் ஆசைக்குப் போனார்கள். ஜெயவேல் பயத்துக்குப் போனான்.

தங்கை கெங்கம்மாளைத் தேசூரில் கட்டிக்கொடுத்திருந்தான். புருஷன் சம்பந்தம் குடித்துவிட்டு அவள் கையைச் சூரிக்கத்தியால் கிழித்தான். தையல் பிரிப்பதற்குள் அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டாள். "எவன் குறுக்க நின்னாலும் சொருவிட்டு என் பொண்டாட்டியை இஸ்துகினு வருவேன்" என்று சம்பந்தம் சாராயக்கடையில் சபதம் போட்டதாகப் பஸ்ஸில் வந்தவர்கள் சொன்னார்கள். போலீஸுக்குப் போனால் 'புருஷன் பொண்டாட்டி சமாச்சாரம்' என்றார்கள். இனிமேல் அவளை அனுப்புவதில்லை என்று ஜெயவேல் முடிவு செய்தான். முடிவு செய்தால் போதுமா? தடுக்கத் தெரிய வேண்டுமே.

சின்ன வயசிலிருந்து பட்டுத்தறியில் உட்கார்ந்து வளைந்த முதுகு. "இன்னா ஜெயவேலு, நிமிந்து நில்லுன்னா கும்புடு போடுறியே" என்று மாஸ்டர் கிண்டல் செய்வார். ஆனாலும் மரக்கத்தியைக் கையில் கொடுத்துப் பொறுமையாகக் கற்றுத்தந்தார். "கத்தியைப் பாக்காதே, தோளைப் பாரு. வந்துச்சா, ஒதுங்கு. மணிக்கட்டைப் புடி. முறுக்கு."

சைக்கிள் கடை வேணுகோபால்தான் எதிராளி. ஒரே குத்து குத்திவிட்டு, முறுக்கிக்கொள்ளச் சொல்லி கையை நீட்டியபடியே நிற்பான். ஜெயவேல் முறுக்குவான். கத்தி விழும்.

"பின்னாடி வந்தா மாஸ்டர்?"

"அது அடுத்த பெல்ட்டுப்பா."

சாயங்காலம் வீட்டில் கெங்கம்மாள் கையில் கரண்டியைக் கொடுத்துக் குத்தச் சொல்வான். அவள் சிரித்துக்கொண்டே குத்துவாள். ஒரு நாள் சிரிக்காமல் சொன்னாள்: "நான் குத்துனா தடுத்துடுவண்ணா. அந்த மனுசன் ஒரு தபா குத்திட்டு நிக்காது. குத்திகினே இருக்கும்."

"வரட்டும் பாத்துக்கலாம்" என்றான். அந்த வீறாப்பு அவனுக்கே பிடித்திருந்தது.

சம்பந்தம் வந்தது பட்டப்பகலில். குடிக்கவில்லை. சலவைச் சட்டை, எண்ணெய் வைத்து வாரிய தலை, கையில் மல்லிகைப்பூப் பொட்டலம். எதிர்வீட்டு ராஜம்மாளே கதவைக் காட்டி, "இதாம்ப்பா ஜெயவேலு வூடு, உள்ள போ" என்று அனுப்பிவைத்தாள்.

ஜெயவேல் தறியில் இருந்தான். இரண்டு காலும் குழிக்குள் மிதியில். நெய்த சேலையைச் சுற்றும் கட்டை மடியை அழுத்திக்கொண்டு கிடந்தது. தறியில் உட்கார்ந்தவன் சட்டென்று எழ முடியாது. முதுகைப் பின்னால் தள்ளி, கையை ஊன்றி, காலை ஒவ்வொன்றாக உருவ வேண்டும்.

"மச்சான், சௌக்கியமா?"

திரும்புவதற்குள் சம்பந்தம் முதுகுக்குப் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, உறவுக்காரன் மாதிரி தோளில் கை போட்டான். மறு கையில் இருந்த சூரி காதுக்குக் கீழே ஜில்லென்று பட்டது. வெளியிலிருந்து பார்த்தால் மச்சானும் மாப்பிள்ளையும் ரகசியம் பேசுகிற மாதிரிதான் இருக்கும்.

"கராத்தே கத்துக்கினியாமே. எழுந்து காட்டு."

தோள் எங்கே இருக்கிறது பார்ப்பதற்கு? ஒதுங்க எங்கே இடம்? ஜெயவேல் குத்துமதிப்பாக மணிக்கட்டை எட்டிப் பிடித்தான். கையில் சிக்கியது கத்தி. சம்பந்தம் அதை மெதுவாக உருவினான். உள்ளங்கை வாய் பிளந்தது. துள்ளியதில் முட்டி கட்டையில் இடித்து, குழியிலேயே சரிந்தான். சூரி திரும்பவும் காதுக்கடியில்.

ராட்டையை விட்டு ஓடிவந்த கெங்கம்மாள் கத்தவில்லை. அண்ணன் கையை ஒரு தரம் பார்த்தாள்.

"எடு அதை. நான் வர்றேன்."

"வேணாம் கெங்கா. நீ பின்பக்கமா ஓடு" என்றான் ஜெயவேல்.

"ஓடினா உன்னைக் குத்தும். கம்முனு இருண்ணா."

சம்பந்தம் பூவை நீட்டினான். வாங்கிக்கொண்டாள். இருவரும் வாசலைத் தாண்டினார்கள்.

ஜெயவேல் குழியிலிருந்து காலை உருவினபோது இரண்டும் மரத்துப்போயிருந்தன. தவழ்ந்துதான் வாசலுக்கு வந்தான். தெருவில் அவள் முன்னால் போக, சம்பந்தம் அவள் இடுப்போடு ஒட்டி நடந்தான். கத்தி சட்டைக்குள் எந்தப் பக்கம் இருக்கிறது என்று ஜெயவேலுக்கு மட்டும் தெரியும். கூவினால் அது அவள் விலாவில் இறங்கும்.

"சமாதானமாப் போவுதுங்க போலகீதே, நல்லதாச்சு" என்றாள் ராஜம்மாள். "கையில இன்னாடா ரத்தம்?"

"தறியில கிழிச்சிக்கினேன்."

சுவரைப் பிடித்துப் பிடித்து பஸ் ஸ்டாண்டுக்குப் போனான். தேசூருக்குப் போகிறவர்கள் ஏறுகிற வந்தவாசி பஸ் உறுமிக்கொண்டிருந்தது. கெங்கம்மாள் ஜன்னலோரம் இருந்தாள், சம்பந்தத்தின் கை தோளைச் சுற்றியிருந்தது. அவளுக்குத் தெரிகிற இடத்தில் ஜெயவேல் போய் நின்றான். செய்ய முடிந்தது அவ்வளவுதான். அவள் தலையை அசைக்கவில்லை. கண்ணால் மட்டும் 'கிட்ட வராதே' என்றாள்.

பஸ் கிளம்பியது. புழுதி அடங்குகிற வரை நின்றுவிட்டு, அடுத்த பஸ் எப்போது என்று கேட்டான். பதில் சொன்னார்கள். ஏறிப் போய் என்ன செய்வது என்றுதான் அவனுக்குத் தெரியவில்லை.