மணல் போட்டு ஆறவைத்த தொட்டி

எழுபத்திரண்டில் ராயபுரம் இறால் கம்பெனிக்கு முதல் எவர்சில்வர் தொட்டியை வெல்டிங் செய்தவர் இக்னேஷியஸ். அதுவரை துறைமுகத்தில் கப்பல் தகடு ஒட்டியவர். கனத்த தகடு சட்டென்று ஆறினால் விரிசல் விடும். அதனால் ஒட்டிய இடத்தைச் சுடுமணலால் மூடி மெல்ல ஆறவைப்பார். எவர்சில்வருக்கும் அதே உபசாரம்தான். குழந்தையைத் தூங்கவைப்பதுபோல மணலைத் தட்டிக்கூட விட்டார்.

உப்புத்தண்ணீர் ஊற்றிப் பத்து நாள் ஆயிற்று. ஒட்டு பளபளவென்றுதான் இருந்தது. அதை ஒட்டி இரண்டு பக்கமும் துரு கோடு போட்டிருந்தது.

இறால் உரிக்கும் பெண்களின் தலைவி புஷ்பவல்லி எட்டிப் பார்த்தாள்.

"இன்னா நைனா, தொட்டிக்கு மீசை மொளச்சிகீது."

முதலாளி ரகுபதிக்குச் சிரிப்பு வரவில்லை. இன்னும் மூன்று தொட்டி செய்ய வேண்டும். அடுத்ததும் துருப்பிடித்தால் மீதியை எண்ணூர் வெல்டர் ஒருவரிடம் கொடுத்துவிடுவேன் என்று சொல்லிவிட்டார்.

தகடே மட்டமான சரக்கு என்று சாதித்தார் இக்னேஷியஸ். அப்படியானால் இந்த மூலை மட்டும் எப்படிப் பளிச்சென்று இருக்கிறது என்று கேட்டாள் புஷ்பவல்லி. குனிந்து பார்த்தார். ஒரு சாண் நீளத்துக்குத் துருவே இல்லை. அந்த மூலையை ஒட்டி முடித்ததும், மணல் போடுவதற்குள், அவள் கைதவறி ஒரு குடம் தண்ணீரைக் கொட்டியிருந்தாள். வேலையைக் கெடுத்துவிட்டாய் என்று அன்று சாயங்காலம்வரை கத்தியவர் இவர்தான்.

மெல்ல உறைத்தது. இந்தத் தகடு நெடுநேரம் சூட்டில் கிடந்தால் கெட்டுப்போகிறது. மணல் போட்டுக் கெடுத்ததே அவர்தான்.

இரண்டாவது தொட்டிக்கு, சூடு அதிகம் ஏறாதபடி வெல்டிங் கரண்டைக் குறைத்து, சாண் சாணாக ஒட்டினார். தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டும். புஷ்பவல்லி குடத்தோடு வந்து நின்றாள். முதல் சாண் முடிந்தது. அவள் ஊற்றவில்லை.

"அன்னிக்கி திட்டினியே, அத்த வாபஸ் வாங்கு. ஊத்துறேன்."

முகமூடிக்குள்ளிருந்து ஏதோ முனகினார். காது கேட்கவில்லை என்றாள். ஒட்டு சூட்டில் கிடந்தது. முகமூடியைத் தூக்கினார்.

"தப்பு என் மேலதான். சீக்கிரம் ஊத்தும்மே."

சுர்ரென்று ஆவி கிளம்பியது. உரித்துக்கொண்டிருந்த இறாலைப் போட்டுவிட்டுப் பெண்களெல்லாம் சிரித்தார்கள்.

உப்புத்தண்ணீர் ஊற்றிப் பத்து நாள் கழித்து ரகுபதி ஒட்டைப் பெருவிரலால் தேய்த்து, விரலைப் பார்த்தார். சுத்தமாக இருந்தது. மீதி இரண்டையும் நீயே செய் என்றார். இக்னேஷியஸ் மறுநாளே தகடு இறக்கினார். புஷ்பவல்லி குடத்தோடு வரும்வரை வெல்டிங் வேலையைத் தொடவில்லை.