சிக்காத துப்பாக்கி

ஈவோன் துப்பாக்கியைக் கம்பளியில் சுற்றி, கைக்குழந்தையைப்போல மார்போடு அணைத்துக்கொண்டு பனிவண்டியிலிருந்து இறங்கினான். இறங்கும்போதே வாயைத் திறந்துவிட்டான்.

“என்ன ஓலிங்கா, என் தோல் அங்கி ரெடியா? குறி பார்க்கத் தெரியாதவளுக்குத் துப்பாக்கி குடுத்தான்னு நாளைக்கு ஊரே என்னைத் திட்டப்போகுது.”

“உனக்குத் தெரிஞ்ச குறி சோத்துப் பானை மட்டுந்தானே மச்சான்! உள்ள கொண்டுபோகாத. வெளி அறையிலயே வை. நல்லாக் குளிரட்டும்.”

“ஐயோ, சளி பிடிச்சுக்குமே!”

ஈவோன் அவளுடைய தாய்மாமன் மகன். வருடத்தில் பாதி உறைந்து கிடக்கும் குஸ்கோக்விம் ஆற்றங்கரையில் அந்த உறவுக்குக் கேலி செய்யப் பிறவி உரிமை உண்டு, கோபப்பட்டவர் தோற்றவர். ஓலிங்கா கோபப்படும் நிலையில் இல்லை. நாற்பது நீர்ப்பெருச்சாளித் தோலைக் கோத்து ஒரு குளிர்காலம் முழுக்கத் தைத்த அங்கியை இந்தத் துப்பாக்கிக்குக் கொடுக்கப்போகிறாள். கொடுப்பதற்கு அவளிடம் வேறொன்றும் கிடையாது.

போன இலையுதிர் காலத்தில் அவள் கணவன் வஸ்கா பனி உடைந்து ஆற்றில் விழுந்தான். துப்பாக்கி தண்ணீரோடு போயிற்று. வலக்கையில் மூன்று விரல்கள் குளிரோடு போயின. அன்றிலிருந்து அந்தக் கையைச் சட்டைப்பைக்குள்ளேயே வைத்திருக்கிறான், வாசலுக்கும் வருவதில்லை. ஒவ்வொரு குண்டுக்கும் கம்பியைத் திருகி இழுக்கிற துப்பாக்கி இனி அவனுக்கு ஆகாது. விசையை அழுத்தினால் தானே அடுத்த குண்டை ஏற்றிக்கொள்ளும் இதுதான் ஆகும். ஆனால் நடுவில் சிக்கினால் எடுத்துவிட விரல் எங்கே? மே மாதம் ஆறு உடையும்போது நீந்தி வரும் நீர்ப்பெருச்சாளி, இவன் எடுத்துவிடும்வரை காத்திருக்குமா என்ன?

உள்ளே போய் உலர்ந்த சால்மனும் தேநீரும் கொடுத்தாள். வஸ்கா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். துப்பாக்கி நன்றாகக் குளிர வேண்டுமே, ஈவோன் மூன்றாவது கோப்பையைக் காலி செய்யும்வரை அவள் அவனை எழுந்திருக்க விடவில்லை.

பிறகு வெளி அறையில் அவள் வேலை தொடங்கியது. திருகாணித் தலைகளைப் பார்த்தாள். யாரும் நோண்டிய தழும்பு இல்லை. குண்டை உள்ளே தள்ளும் உள்ளிரும்பைக் கழற்றி, குழலைப் பனியின் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாள், துருக்குழி இல்லை. காலியாகவே சொடுக்கிச் சொடுக்கி விளையாடிய துப்பாக்கி என்றால் குண்டைக் குத்தி வெடிக்கவைக்கும் ஊசி குண்டறையின் விளிம்பைக் கொத்தியிருக்கும். விளிம்பை நகத்தால் வருடிப் பார்த்தாள். வழவழவென்றிருந்தது.

“பொண்ணு பார்க்க வந்த மாமியார்கூட இப்படிப் பார்க்கமாட்டா!” என்றான் ஈவோன்.

“பொண்ணு வீட்டான் வாய் ரொம்ப நீளுதே, அதான் சந்தேகம்.”

எல்லாவற்றையும் மாட்டி, வெளியே வந்து ஆற்றைப் பார்த்துச் சுட்டாள். ஒன்று. இரண்டு. மூன்றாவதில் உள்ளிரும்பு சோம்பேறிபோல நகர்ந்து பாதியில் நின்றது. சுட்ட குண்டின் வெற்றுக் குப்பி குறுக்கே மாட்டிக்கொண்டது.

ஓலிங்கா குண்டுக்கூட்டை உருவினாள். கையுறையைக் கழற்றி மூன்று விரல்களை மடக்கிக்கொண்டு, கட்டைவிரலாலும் சுட்டுவிரலாலும் மட்டும் உள்ளிரும்பின் பிடியை இழுத்தாள். அது அசையவில்லை. மறுபடியும் இழுத்தாள்.

“என்னடி கூத்து இது? முழுக் கையால இழு!”

“முழுக் கை எங்க இருக்கு, மச்சான்?”

ஈவோனுக்கு அப்போதுதான் உறைத்தது. முகம் செத்துப்போய்விட்டது. “அங்கியை நீயே வெச்சுக்க. இதைச் சும்மா எடுத்துட்டுப் போ” என்றான்.

அவளுக்கு வந்ததே கோபம்! பல்லைக் கடித்து அடக்கினாள். “சும்மா வந்த பொருளைக் குறை சொல்ல முடியுமா? நான் குறை சொல்லணும். அடுப்புக்குப் பக்கத்துல வெச்சு, பாத்திரம் முழுக்க எண்ணெய் ஊத்தி வளர்த்திருக்க. வெயில் நாட்டுக்காரனா நீ? எண்ணெய் கட்டியாப் போய்க் கிடக்கு.”

உள்ளிரும்பைக் கழற்றி, அடுப்புக்கு ஊற்றும் பெட்ரோலில் அலசினாள். பழைய பல்துலக்கியால் மூலைமுடுக்கெல்லாம் தேய்த்தாள். விரல் மரத்தது, விடவில்லை. துணியால் ஒற்றி, ஒரு சொட்டு எண்ணெய்கூட இடாமல் காய்ந்தபடியே மாட்டினாள்.

மூன்று கூடு, முப்பது குண்டு. நிறுத்தாமல் சுட்டாள். முப்பதும் போயின. பனியிலிருந்து குப்பிகளைப் பொறுக்கி ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஊசி குத்திய தடம் எல்லாவற்றிலும் ஒரே இடம், ஒரே ஆழம்.

“அங்கியை எடுத்துக்க, மச்சான்” என்றாள். அவளுக்குச் சந்தோஷந்தான்.

ஈவோன் அங்கியைப் போட்டுப் பார்த்தான். தொப்பைக்கு மேல் மூடவில்லை. அவள் சிரிப்பதற்குள் பின்னால் கதவு திறந்தது. வஸ்கா நின்றிருந்தான், காலில் வீட்டுச் செருப்போடு.

“முப்பது. உள்ள இருந்து எண்ணிக்கிட்டே இருந்தேன். ஒண்ணுகூட நிக்கல” என்றான்.

“நிக்கல.”

வஸ்கா சட்டைப்பையிலிருந்து வலக்கையை எடுத்து நீட்டினான். “குண்டு மிச்சம் இருக்கா?”