முந்நூறு மீட்டர்

அப்பாவின் மணிக்கட்டிலிருந்து கைக்கடிகாரத்தைக் கழற்ற மகள் போராடிக்கொண்டிருந்தாள். ஓடிய தூரத்தை அடி பிசகாமல் சொல்லும் கடிகாரம். அவளே வாங்கிக் கொடுத்தது.

"அது பாட்டுக்கு இருக்கட்டுமேடி" என்றாள் அம்மா.

"மூணு மணிக்கு வண்டி வந்துடும்மா. கழட்டித்தான் அனுப்பணும்."

வண்டி சாக்குதான். அந்தக் கடிகாரத்தைக் கண்ணில் காணவே அவளுக்குப் பிடிக்கவில்லை. வார் ஒருவழியாகக் கழன்றது. எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

அப்பா சாலைகளை அளப்பவர். அளவுச் சக்கரத்தை உருட்டிக்கொண்டே உத்தியோகத்தை முடித்த மனிதர். ஊர் மாரத்தானை முப்பத்தோரு வருடம் ஒன்று விடாமல் ஓடினார். காய்ச்சலோடு ஓடியிருக்கிறார். மகள் கல்யாணத்துக்கு முந்தின நாள் ஓடிவிட்டு, மறுநாள் வந்தவர்களை நொண்டி நொண்டி வரவேற்றார். ஒரு தடவைகூட முதல் நூறு பேருக்குள் வந்ததில்லை. ஆனாலும் ஊருக்கே அவரைத் தெரியும். காரணம், மனிதர் கோட்டில் நிற்க மாட்டார். ஸ்டேடியம் வாசலில் முடிவுக்கோட்டைத் தாண்டி, பதக்கம் மாட்ட வந்தவர்களுக்குக் கையைக் காட்டிவிட்டு, தன் பாட்டுக்கு ஓடுவார். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் பள்ளி மைதானத்து வாசல் வந்த பிறகுதான் நிற்பார். "கோடு போட்டவனுக்கு அளக்கத் தெரியல. முந்நூறு மீட்டர் குறையுது" என்பார். ரோடு அளக்கிறவரிடம் போய் யார் வாதாடுவது? ஊர் அவருக்கு 'முந்நூறு' என்று பெயர் வைத்துச் சிரித்ததோடு விட்டுவிட்டது.

பள்ளி வாசலில் அம்மா துண்டும் ஃபிளாஸ்க்குமாகக் காத்திருப்பாள். சின்ன வயதில் மகளும் கூடவே நிற்பாள். திருப்பத்தில் அப்பாவின் தலை தெரிந்ததும் அம்மா துண்டை விரிப்பாள். ஒரு முனை அம்மா கையில், மறுமுனை மகள் கையில். அப்பா நெஞ்சால் அதில் வந்து மோதுவார். மூன்று பேரும் சிரிப்பார்கள். உலகத்தில் எல்லா ஓட்டமும் இப்படித்தான் முடியும் என்று அவள் நம்பியிருந்தாள். ஏழாம் வகுப்பில் ஒருத்தி "முந்நூறு மகளே" என்று கூப்பிட்டதோடு அங்கே போவதை நிறுத்திக்கொண்டாள்.

வளர்ந்து, தராசுகளையும் எடைக்கற்களையும் சோதித்து முத்திரை குத்தும் ஆய்வாளர் ஆனாள். இருபது கிராம் குறைந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவாள். தாய் எட்டடி பாய்ந்தால் குட்டி பதினாறடி என்பார்கள். இங்கே தகப்பனும் மகளும். இந்த வருடம் அப்பாவுக்குக் கடிகாரத்தைக் கட்டிவிட்டு, ஓட்டம் முடிந்த அன்று சாயங்காலம் அறைக்குள் உட்காரவைத்து விசாரித்தாள்.

"ஸ்டேடியம் வாசல்லயே நாப்பத்திரெண்டு கிலோமீட்டர் நூத்தித் தொண்ணூத்தஞ்சு மீட்டர், மாரத்தானோட முழுத் தூரமும் சரியா வந்துடுச்சுப்பா. இத்தனை வருஷமா ஊரைச் சிரிக்க வெச்சிருக்கீங்க."

அப்பா சமையலறைப் பக்கம் பார்த்தார். "மெதுவா பேசு. அம்மா காதுல விழப்போகுது."

"விழட்டுமே! தப்பா அளந்துட்டேன்னு ஒத்துக்க மனசு வரல. உங்களுக்கு உங்க கௌரவம்தான் பெருசு."

கிளம்பி வந்துவிட்டாள். பதினோரு நாள் பேசவில்லை. இரண்டு தடவை அவர் கூப்பிட்டார், எடுக்கவில்லை. நேற்று விடியலில் ஓடக் கிளம்பியவர், கட்டிலிலேயே சாய்ந்து உயிரை விட்டார்.

பையை மூடிவிட்டு எழுந்தாள். வாசலுக்கு வந்தாள். முதல் வருடத்திலிருந்து அப்பாவோடு ஓடிய பேக்கரிக்காரர், வருகிறவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

"மாமா, அப்பா கடைசி வரைக்கும் தான் அளந்ததுதான் சரின்னு நம்பினாரா?"

பேக்கரிக்காரர் அவளை ஒரு மாதிரி பார்த்தார். "உங்கப்பாவாவது, தப்பா அளக்கறதாவது! முதல் வருஷம் ஸ்டேடியம் வாசல்ல அந்தக் கோட்டை அளந்து போட்டதே அவர்தாம்மா. நான்தான் சுண்ணாம்பு வாளியைத் தூக்கிட்டுப் போனேன்."

மகளுக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

"உங்கம்மா அப்போ இந்த ஊருக்குப் புதுசு" என்றார் அவர். "மைதானத்து வாசல்ல நில்லுன்னு ஸ்டேடியத்தை நெனச்சு உங்கப்பா சொல்லியிருக்காரு. அவங்களுக்குத் தெரிஞ்ச மைதானம் பள்ளிக்கூடத்து மைதானம்தான். உன்னை இடுப்புல வெச்சுக்கிட்டு வெயில்ல நாலு மணி நேரம் அங்கயே நின்னுருக்காங்க. நாங்க ஓடி முடிச்சிட்டுத் தேடுறோம், ஆளைக் காணோம். உங்கப்பா பதறிப்போய் ஸ்டேடியத்தைத் தாண்டி மறுபடி ஓடினாரு, நானும் பின்னாலயே போனேன். இவரைப் பார்த்ததும் உங்கம்மா 'வந்துட்டீங்க, முடிச்சிட்டீங்க'ன்னு கை தட்டி அழுதாங்க. மத்தவங்க எல்லாம் தான் வர்றதுக்கு முன்னாடியே போயிட்டாங்க, இவர்தான் கடைசின்னு நெனச்சிருக்காங்க. அந்த முகத்தைப் பார்த்துட்டு எப்படிம்மா சொல்றது, நீ நின்ன எடம் தப்புன்னு?"

"வீட்டுக்கு வந்து சொல்லியிருக்கலாமே?"

"வீட்டுலயா? பஸ் மாறி ஏறிட்டாங்கன்னு அதுக்கு முந்தின வாரம்தான் உங்க அத்தை அவங்களைத் 'திசை தெரியாதவ'ன்னு கேலி பண்ணி அழவெச்சிருந்துச்சு. இதுவும் தெரிஞ்சா ஆயுசுக்கும் விடாது. கோடுதான் தப்புன்னு உங்கப்பா ஒரே போடா போட்டுட்டாரு. அடுத்த வருஷமும் உங்கம்மா அங்கயேதான் போய் நின்னாங்க. என்ன பண்ணுவாரு? ஓடினாரு."

கௌரவம் என்று சொன்ன வாயை என்ன செய்வது? சொன்னதைத் திருப்பி வாங்கிக்கொண்டாலும் கேட்க அப்பா இல்லை. மகளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. பேக்கரிக்காரர் நாற்காலியைத் துடைக்கிற சாக்கில் அவளுக்கு முதுகைக் காட்டி நின்றார்.

முகத்தைக் கழுவிக்கொண்டு கூடத்துக்கு வந்தபோது, அத்தை அப்பாவின் கால்மாட்டில் உட்கார்ந்து அழுகையும் சிரிப்புமாகப் பேசிக்கொண்டிருந்தாள்.

"எங்கண்ணன் பிடிச்சா பிடிதான். தப்பா அளந்துட்டு, அதையே கடைசி வரைக்கும் சாதிச்சாரே மனுஷன். ஊரே சிரிச்சுது. இல்ல அண்ணி?"

அம்மா வெடுக்கென்று நிமிர்ந்தாள். "அவர் ஒண்ணும் தப்பா அளக்கல. அன்னிக்கு இவளே கடிகாரத்தை வெச்சு அளந்தா. ரூமுக்குள்ள ரெண்டு பேரும் ஏதோ பேசிக்கிட்டாங்க. என்ன வந்துச்சுன்னு கேட்டா, 'அதை உன் மகளையே கேளு'ன்னுட்டாரு. சொல்லுடி, என்ன வந்துச்சு?"

கூடத்தில் இருந்த அத்தனை பேரும் மகளைப் பார்த்தார்கள். அத்தையும் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து ஒரு பொய்யான அளவுக்குக்கூட அவள் முத்திரை குத்தியதில்லை.

"ஸ்டேடியம் வாசல்ல நாப்பத்தோரு கிலோமீட்டர் எண்ணூத்தித் தொண்ணூத்தஞ்சுதாம்மா காட்டுச்சு" என்றாள். குரல் பிசிறவில்லை. "முந்நூறு மீட்டர் குறைச்சல். அப்பா சொன்னதுதான் சரி."

"சரி அண்ணி, நான் சும்மா பேச்சுக்குச் சொன்னேன்" என்றாள் அத்தை.

அம்மா அத்தையைத் திரும்பிப் பார்க்கவில்லை. அப்பாவின் காதருகே குனிந்தாள்.

"கேட்டீங்களா? உங்க மகளே சொல்லிட்டா."

பிறகு கொஞ்சம் நகர்ந்து பக்கத்தில் இடம்விட்டாள். மகள் அங்கே உட்கார்ந்தாள். வெளியே வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. இருவரும் எழுந்திருக்கவில்லை.